ஜாக்கி தூக்கத்தான்... தாங்க அல்ல!

வீட்டு வாசலில் காரையும் பிக்கப்பையும் தூக்கி வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி, ரோஜா என எது விளைந்தாலும் வண்டியேறிப் போனால்தான் காசு. ஒரு பக்கம் ராயக்கோட்டை மண்டி, மறுபக்கம் ஓசூர், எல்லை தாண்டினால் பெங்களூரு. அதனால் இந்த வட்டாரத்தில் குட்டி யானையோ, பிக்கப்போ, பழைய காரோ நிற்காத தெருவைப் பார்ப்பது அரிது.

விடியற்காலை மூன்று மணிக்குத் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி நிறுத்திய பிக்கப்பின் பின் டயர் இறங்கியிருந்தால், பஞ்சர் கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாது. மண்டி நேரம் தவறினால் விலை தவறும். கையில் இருக்கும் ஜாக்கியைப் போட்டு, பக்கத்தில் கிடக்கும் கருங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அண்டை கொடுத்து வேலையை முடித்துவிடுவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆயில் மாற்றுவது, சைலன்சர் கட்டுவது, கட்டை ஒடிந்ததா என்று பார்ப்பது என வண்டிக்கு அடியில் படுத்தும் வேலை நடக்கும்.

இதே வட்டாரத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கியது 1980-ஆம் ஆண்டை ஒட்டித்தான். அன்று முதல் இன்றுவரை, காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிப்டுக்குப் போகும் குடும்பங்கள் இங்கு ஏராளம். தொழிற்சாலையில் எடை தூக்கும் கருவிக்கு விதி உண்டு. கிரேன், கப்பி போன்றவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும், குறித்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆவது பிரிவில் விதித்தது. தொங்கும் சுமைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்தைப் படித்தவரே ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒற்றை ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறார்.

ஜாக்கி என்பது வண்டியைத் தூக்கும் கருவி. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் கருவி அல்ல. டயர் மாற்ற ஜாக்கி போதும். ஆனால் தலை, கை, கால் எதுவாக இருந்தாலும் வண்டிக்கு அடியில் போவதற்கு முன் எடை முழுவதும் ஸ்டாண்டின் மீது இறங்கியிருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டாலே பெரிய விபத்துகளைத் தவிர்த்துவிடலாம்.

வண்டி ஜாக்கியிலிருந்து ஏன் விழுகிறது?

காரணங்கள் நான்குதான்.

முதலாவது, தரை. காரோடு வரும் கத்தரி ஜாக்கியின் அடித்தகடு உள்ளங்கை அளவுதான் இருக்கும். 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 80 சதுர செ.மீ. அதன் மேல் 300 கிலோ இறங்கினால், ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் ஏறத்தாழ 4 கிலோவைத் தாங்க வேண்டும். மழை பெய்து ஊறிய செம்மண் இதைத் தாங்காது. ஒரு பக்கமாக அமுங்கும், ஜாக்கி சாயும். அதே ஜாக்கிக்கு அடியில் 30 செ.மீ. சதுரமுள்ள கனமான பலகையைப் போட்டால் எடை 900 சதுர செ.மீ. பரப்பில் பரவும். சதுர செ.மீ.க்கு மூன்றில் ஒரு கிலோதான் வரும். ஒரு பலகை செய்கிற வேலை இது.

இரண்டாவது, உருளுதல். ஒரு சக்கரம் மேலே எழும்போது மற்ற மூன்றும் தரையில்தான் இருக்கின்றன. அவை அரை அடி நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும்.

மூன்றாவது, தவறான இடத்தில் ஜாக்கி வைப்பது. மெல்லிய தகட்டிலோ, ஆயில் சம்ப்பிலோ, பிளாஸ்டிக் மறைப்பிலோ வைத்தால் தகடு மடங்கி ஜாக்கி வழுக்கும்.

நான்காவது, ஜாக்கியே பழுதாவது. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது சிறிய ரப்பர் சீல்கள். அவை தேய்ந்தால் வண்டி மெல்ல இறங்கும். கிழிந்தால் ஒரே மூச்சில் இறங்கும். கத்தரி ஜாக்கியில் திருகுமரை தேய்ந்தாலும் இதே கதிதான்.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பலாமா?

நம்பக் கூடாது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் பிக்கப்களிலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

சரி, கியரில் போட்டுவிட்டால்? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஜின் சக்தி ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களுக்கும் டிஃபரன்ஷியல் வழியாகத்தான் பிரிகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதற்கு உதவுவது அதுதான். பிக்கப்பிலும் குட்டி யானையிலும் பின் சக்கரங்களுக்குத்தான் சக்தி போகிறது. பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கினால், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருள முடியும். கியர் அதைத் தடுக்காது. பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களுக்குச் சக்தி போவதால், முன் சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது இதே நிலைமை.

ஆகவே ஹேண்ட் பிரேக், கியர், முட்டுக்கட்டை மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும், பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், சக்கரம் அழுத்தினால் அதுவும் சேர்ந்து உருளும். நான்கு அங்குலக் கட்டையைக் குறுக்காக ஆப்பு வடிவில் அறுத்தால் இரண்டு முட்டுக்கட்டை கிடைக்கும். அப்படி நான்கு செய்து, ஒரு கயிற்றில் கோத்து வண்டியிலேயே போட்டு வைக்கலாம்.

எந்த வண்டிக்கு எந்த ஜாக்கி?

கத்தரி ஜாக்கி: காரோடு வருவது. வழியில் டயர் மாற்ற மட்டும். இதை வைத்து அடியில் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு காரின் ஜாக்கியை அதைவிடக் கனமான இன்னொரு வண்டிக்குப் போடவும் கூடாது.

பாட்டில் ஜாக்கி: பிக்கப், குட்டி யானை, டிராக்டர், டிரெய்லர் வைத்திருப்பவர்களிடம் இருப்பது. அதிக எடையைத் தூக்கும். ஆனால் அடிப்பரப்பு சிறியது, உயரம் கூடியது. சற்றுச் சாய்வாக நின்றாலும் ஆபத்து. எப்போதும் செங்குத்தாக, பலகையின் மேல் வையுங்கள்.

டிராலி ஜாக்கி: நான்கு உருளைகளோடு பட்டறைகளில் இருப்பது. தூக்கும்போது இதன் தலை வளைகோடாக மேலேறும். அதற்கு ஏற்ப ஜாக்கி சற்று முன்னோ பின்னோ உருள வேண்டும். சிமெண்ட் தளத்தில் உருளும், மண்ணில் புதையும். உருள முடியாவிட்டால் தலை, வண்டியிலிருந்து வழுக்கும். எனவே மண் தரைக்கு டிராலி ஜாக்கி வேண்டாம்.

எதுவானாலும் அதில் பொறித்திருக்கும் டன் அளவைப் பாருங்கள். இங்கேதான் விவசாயிகள் தவறுவது. வண்டியின் எடையை மட்டும் கணக்கில் எடுத்து, சரக்கை மறந்துவிடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு 25 கிலோ என்று வைத்தால் 50 பெட்டித் தக்காளி 1,250 கிலோ. அதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் இருக்கும். பெட்டிகளை இறக்கிவிட்டுத் தூக்குங்கள். இறக்கி ஏற்ற அரை மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டால் கால் மணி நேரம். ஜாக்கியின் கைப்பிடியில் நீளமான பைப் மாட்டி அழுத்த வேண்டியிருந்தால், அந்த ஜாக்கியின் சக்திக்கு மேல் எடை இருக்கிறது என்று அர்த்தம். அதோடு நிறுத்திவிடுங்கள்.

டயர் மாற்றும்போது... படிப்படியாக

1. சமமான, கெட்டியான இடத்துக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள். டயர் இறங்கியிருந்தாலும் பத்து இருபது அடி மெதுவாக ஓட்டி மேட்டிலிருந்து விலகுவது நல்லது. டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

2. இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் அல்லது ரிவர்ஸ் கியரில் போடுங்கள். சாவியைச் சட்டைப் பையில் வையுங்கள். வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள்.

3. முட்டுக்கட்டை போடுங்கள்.

4. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால், அந்த ஆட்டமே வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

5. ஜாக்கி வைக்கும் இடத்தைக் கையேட்டில் பாருங்கள். கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், சக்கரத்துக்கு அருகே இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிதான் பலப்படுத்தப்பட்ட இடம். பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள பிக்கப்களில் பட்டையை ஒட்டி அச்சுக் குழாயின் அடியில் வைப்பது வழக்கம்.

6. ஜாக்கிக்கு அடியில் பலகை. ஜாக்கியின் தலைக்கும் வண்டிக்கும் நடுவே கல்லோ செங்கல் துண்டோ வைக்காதீர்கள்.

7. சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ஜாக்கி நேராக நிற்கிறதா? பலகை ஒரு பக்கம் அமுங்குகிறதா? கட்டைகள் அசைந்தனவா? சந்தேகம் வந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

8. தேவையான அளவு மட்டும் தூக்குங்கள். காற்று நிரம்பிய ஸ்டெப்னி உள்ளே நுழைய, தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் போதும். உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

9. ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில், வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்க வையுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, கழற்றிய சக்கரத்தை அதே இடத்தில் படுக்க வையுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன் மேல் விழும், கை கால் தப்பும்.

10. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து மாட்டுங்கள். மேலே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விடாதீர்கள்.

11. நட்டுகளைக் கையால் முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு எதிரெதிராக ஒன்றுவிட்டு ஒன்று இறுக்குங்கள். சுமார் 50 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

அடியில் படுக்க வேண்டிய வேலையா?

அப்படியானால் ஸ்டாண்டு இல்லாமல் தொடங்கவே கூடாது. முக்காலிபோல் விரிந்த காலும், மேலே பிறை வடிவத் தலையும் கொண்ட இரும்பு ஸ்டாண்டு, உதிரிபாகக் கடைகளில் ஜோடியாகக் கிடைக்கும். அதில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. ஒரு பின்னோ பல்லோ எடையைப் பிடித்து நிற்கும். ஒரு ஜோடியின் விலை, பிக்கப்புக்கு ஒரு புது டயர் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். வாங்கும்போது, அதில் போட்டிருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஒரு ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெதுவாகத் தளர்த்தி எடையை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை எடுத்துவிட வேண்டாம். வண்டியைத் தொட்டபடி இரண்டாவது துணையாக அங்கேயே இருக்கட்டும். பிறகு பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். அசையவில்லை என்றால் மட்டுமே உள்ளே போங்கள். கழற்றிய சக்கரத்தை உள்ளே தள்ளி வைத்தால் அது மூன்றாவது துணை.

ஸ்டாண்டு வாங்கிவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கருவி விற்பனை நிறுவனம், தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல் சரியாகப் பதியாமல், எடை ஏறியதும் வழுக்கும் குறை அவற்றில் இருந்தது. பல் வைத்த ஸ்டாண்டானால் முழுவதும் பதிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கைப்பிடியைத் தட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். குறுக்கே பின் செருகும் வகையில் இந்தக் கவலை குறைவு. வெல்டிங்கில் கீறலோ, காலில் வளைவோ தெரிந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அரசின் கட்டாயப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்ற எச்சரிக்கை ஜாக்கியின் மேலேயே இருக்க வேண்டும். வீட்டில் தானே வண்டி பார்த்துக்கொள்பவர்கள் வண்டிக்கு அடியில் நசுங்கி இறப்பது அங்கும் நடந்ததால்தான் அந்தக் கட்டாயம் வந்தது.

ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம்!

கட்டடம் கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் இல்லாத வீடு இப்போது குறைவு. சுவரில் அது வரிசை வரிசையாக, சிமெண்ட் பூச்சோடு, பரவிய எடையைத் தாங்குகிறது. வண்டியின் அச்சோ சட்டமோ அதன் விளிம்பில் ஒரே புள்ளியில் அழுத்தும்போது கதை வேறு. மரம் உடைவதற்கு முன் முனகும், இரும்பு வளையும். ஹாலோ பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் தூளாகும். படுக்க வைத்தால் இன்னும் மோசம். செங்கல்லுக்கும் இதே விதிதான்.

கருங்கல் இந்தப் பகுதியில் எங்கும் கிடைக்கும். அது நொறுங்காது என்பது உண்மை. ஆனால் இரும்பு அதன் மேல் வழுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். வேலி கட்டும் கல் தூண் துண்டுகளும் அப்படித்தான்.

ஸ்டாண்டு கிடைக்காத இடத்தில் கனமான மரக்கட்டைகளே மாற்று. ஒரே அளவில் அறுத்த, வெடிப்பில்லாத கட்டைகளை இரண்டு இப்படி, அதன் மேல் இரண்டு அப்படி என்று குறுக்கும் நெடுக்குமாகக் கிணற்று விளிம்புபோல் அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தைத் தாண்டக் கூடாது.

டிராக்டர், டிரெய்லர்: கூடுதல் கவனம்

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் மாட்டியிருக்கும். மேடு பள்ளத்தில் இரண்டு பக்கமும் ஏறி இறங்க அது தேவை. ஆனால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கும்போது இதுவே எமன். மொத்த டிராக்டரும் அந்த ஒரு பின்னின் மேல் பக்கவாட்டில் சாய முடியும். பின்பக்கம் தூக்குவதற்கு முன், முன் அச்சுக்கும் மேலுள்ள சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து அசையாமல் செய்யுங்கள்.

பின் டயரில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதிலேயே நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். அந்தச் சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றாதீர்கள். சாய்ந்தால் பிடிக்க முடியாது. முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ரோட்டாவேட்டர், கலப்பை எதுவாக இருந்தாலும் ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் கத்தி மாற்றாதீர்கள். லீவரில் ஒரு கை பட்டாலும், எண்ணெய்க் குழாய் விட்டாலும் இறங்கிவிடும். தரையில் இறக்கி, அல்லது அடியில் கட்டை அடுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். டிப்பர் டிரெய்லருக்கும் இதே விதி. தொட்டியைத் தூக்கி அடியில் கிரீஸ் வைப்பதாக இருந்தால், தாங்குகம்பியை மாட்டிய பிறகே கையை விடுங்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரைத் தூக்கும்போது டிராக்டரிலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றிவிட்டால் முன்பக்கம் குத்தும் அல்லது எழும்பும். சரக்கை இறக்கி, டிராக்டர் சக்கரங்களுக்கும் கட்டை போட்ட பிறகு தூக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

வண்டிக்கு அடியில் ஒருவர் வேலை செய்யும்போது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் இது இன்னும் முக்கியம். செல்போன் வீட்டுக்குள் சார்ஜில் இருக்கக் கூடாது, வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். இரண்டாவது ஜாக்கி ஒன்று எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

யாராவது சிக்கிக்கொண்டால், பதற்றத்தில் கையையோ காலையோ பிடித்து இழுக்காதீர்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இரண்டாவது ஜாக்கியால் வண்டியைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு அங்குலம் தூக்கும்போதும் அடியில் மரக்கட்டை சேர்த்துக்கொண்டே போங்கள். நெஞ்சிலோ கழுத்திலோ எடை இருந்தால் மூச்சு விட முடியாது, சில நிமிடங்களே இருக்கின்றன. சிறிய காராக இருந்தால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கையாலேயே தூக்கிவிட முடியும். அப்போதும் ஒருவர் கட்டை வைக்கத் தயாராக நிற்க வேண்டும்.

எத்தனை மணிக்குச் சிக்கினார் என்பதைக் குறித்துக்கொண்டு 108 ஊழியரிடம் சொல்லுங்கள். கை கால் நெடுநேரம் நசுங்கியிருந்து, திடீரென எடை நீங்கினால், சிதைந்த தசையிலிருந்து வரும் நச்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். வெளியே காயம் தெரியாவிட்டாலும், எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

வாசகர் கேள்விகள்

பழைய பாட்டில் ஜாக்கி தூக்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஆயில் ஊற்றினால் சரியாகிவிடுமா?

ஆயில் குறைந்தால் ஜாக்கி முழு உயரத்துக்குத் தூக்காது. தூக்கிய பிறகு இறங்குகிறது என்றால் பெரும்பாலும் சீல் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. சீல் மாற்றும் கடையில் கொடுங்கள். அதுவரை பயன்படுத்தாதீர்கள். ஆயில் ஊற்றுவதானால் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு உரியதை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டுவிடும். இறக்கும்போது வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம், வண்டி சட்டென்று விழும்.

இரவில் சாலையில் டயர் பஞ்சர் ஆனால் அங்கேயே மாற்றலாமா?

சாலையை விட்டு முழுவதும் இறங்க முடிந்தால் மாற்றலாம். நான்கு சக்கர விளக்குகளையும் மின்னவிட்டு, பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். போக்குவரத்துப் பக்கத்துச் சக்கரம் என்றால், லாரிகள் உரசிப்போகும் காற்றே வண்டியை ஆட்டும். உயிரைப் பணயம் வைக்காமல், மெதுவாக ஓட்டி ஒதுக்கிடத்துக்குப் போங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். மற்றவர்கள் வண்டிக்குள் உட்காராமல் சாலையை விட்டு விலகி நிற்கட்டும்.

வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் ஸ்டெப்னி மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். கஷ்டம் நட்டைத் தளர்த்துவதில்தான். சக்கரம் தரையில் இருக்கும்போது ஸ்பேனரில் இரண்டடி பைப் மாட்டினால் குறைந்த பலமே போதும். நட்டைத் தளர்த்த பைப் மாட்டலாம், ஜாக்கிக்கு மாட்டக் கூடாது. ஸ்டெப்னியைத் தூக்க வேண்டாம், உருட்டிக் கொண்டுவந்து, காலால் நெம்பி ஏற்றலாம். பகல் நேரத்தில் வாசலிலேயே ஒரு முறை பழகிப் பார்த்துவிடுங்கள்.

வாசல் சரிவாக இருக்கிறது. வேறு இடம் இல்லை. என்ன செய்வது?

நிற்கும்போதே உருளும் சரிவானால் அங்கே தூக்க வேண்டாம். களத்துமேடு, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், சிமெண்ட் ரோட்டின் சமமான பகுதி என ஒரு இடத்தைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வேலை செய்பவர்கள், வாசலில் பத்தடிக்கு ஏழடி இடத்தை மட்டமாக்கி கான்கிரீட் போட்டுக்கொள்வது நல்லது. அறுவடை நேரத்தில் அதுவே உலர்களமும் ஆகும்.

இப்படி விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்குமா?

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வழியாகச் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாயும், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் உண்டு. காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். விபத்து நடந்தால் காவல் நிலையப் பதிவு, மருத்துவமனை ஆவணங்கள் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் தெரிவியுங்கள். குடும்பத்தில் யாருடைய பெயர் வாரிசாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் இன்றே ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.